ஊதிய விசில்

செவ்வாய் இரவு, பகாவ் கடைத்தெருவில்
குணசுந்தரி அக்காவின் வாழையிலைக் கடை மாடி.
ஒன்பது தோட்டத்துக் குழுக்கள், ஏழு நாற்காலி.
ஆண்டுக் கூட்டம்: விதித் திருத்தம்.
நான் நடுவர். எனக்கு ஓட்டு இல்லை,
ஊதிய விசிலுக்கு ஊதியம் மட்டும்:
ஆட்டத்துக்கு நாற்பது வெள்ளி, ஒரு மைலோ.

முதலில் கால்வாய்.
மேற்குக் கோலுக்குப் பின்னால்
மில் கழிவு ஓடுகிற இடம்.
பந்து அதில் விழுந்தால்
முந்தி நிற்கும் அணிக்கு அத்தனை பேருக்கும்
சட்டென்று சுளுக்கு.
இனி பந்து மீளும்வரை கடிகாரம் நிற்கும்
என்றார் வீரப்பெருமாள். எல்லாக் கையும் உயர்ந்தது.
பழம் மிகுந்த மாதங்களில்
பக்கத்துக்கு ஏழு பேர் போதும்.
ஷிப்டுக்குச் சங்கு ஊதி எவனாவது ஓடினால்
மாற்று ஆட்டக்காரன் கணக்கில் சேராது.
இருட்டில் பெனால்டி வேண்டாம்,
மோட்டார் சைக்கிள் விளக்கைக் கோலுக்குத் திருப்பினால்
பரவாயில்லை என்று ஒரு பின்னிணைப்பு.
உலகக் கிண்ணத்துக்கே எழுதிப் போடலாம் என்று
சிரித்தார்கள். போடலாம்தான்.

பிறகு அற்புதராஜ் எழுந்தான். விதி ஏழு.
"வெளியாள் அணிக்கு இரண்டு பேர், அதுக்கு மேல கூடாது.
தோட்டத்துக் கிண்ணம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு."
மேசையைத் தட்டினார்கள்.
கறிக்கிண்ணம் ஒன்று குதித்தது.

பகலில் நான் மில் வாசலில் லோரி நிறுக்கிறவன்.
பழத்தோடு ஒருமுறை, கொட்டிவிட்டு ஒருமுறை.
கழித்த மீதிதான் சரக்கு.
பழக்கதோஷம், மனசு நிறுத்தது:
அற்புதராஜின் பதினொருவரில்
எட்டுப் பேர் டவுன் அடுக்குமாடியிலிருந்து
மோட்டாரில் வருகிறவர்கள்.
ஒருவன் சிரம்பானிலிருந்து, காரில்.
அப்பாமார் லயத்தில் இருந்தார்கள், சரி.
பதினான்காம் எண் வீட்டில்
இப்போது ஷொஃபிக்குல் இருக்கிறான்,
ரங்க்பூரிலிருந்து வந்து ஆறு வருஷம்.
திடலுக்கு அவன் நடை எண்பது எட்டு.
வண்டியைக் கழித்துப் பார்த்தால்
வெளியாள் யார் என்று கேட்க வாய் திறந்தேன்.
ஓட்டில்லாதவன் வாய்க்கு
இன்னொரு வடை வந்தது.

என்னிடமும் ஒரு திருத்தம் இருந்தது,
சட்டைப்பையில், எடைச்சீட்டின் பின்பக்கம்:
நடுவர், தான் ஊதியது தப்பு என்று தெரிந்தால்
விசிலைத் திரும்ப விழுங்கலாம்.
ஆட்டம் முடிந்திருந்தாலும்.
வருஷம் கடந்திருந்தாலும்.

போன வருஷ இறுதியாட்டம், எண்பத்தெட்டாவது நிமிடம்.
ஷொஃபிக்குல் அடித்தான். வலை புடைத்தது.
கோட்டு நடுவர் கொடி தூக்கவில்லை.
தடுப்பாளன் குதிகால் அவனைவிட
ஒரு முழம் கோலுக்குக் கிட்டே கிடந்ததை
நானும்தான் பார்த்தேன்.
ஆனால் இந்தப் பக்கத்துக் கூட்டம்
என் பேரைச் சொல்லிக் கத்திற்று.
கண் சொல்லி முடிப்பதற்குள்
வாய் ஊதிவிட்டது. ஆஃப்சைடு.

அந்தச் சீட்டை நான் எடுக்கவில்லை.
விதி ஏழு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது,
நியாயம் எதுவும் பேசி அல்ல,
அக்கா கடையைப் பூட்டணுமாம்.

ஞாயிறு. புது விதியோடு முதல் ஆட்டம்.
இருபதாவது நிமிடமே பந்து கால்வாயில்.
கடிகாரத்தை நிறுத்தினேன்.
ஷொஃபிக்குல் முட்டிவரை இறங்கித் துழாவினான்.
மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்,
எந்த அணிக்கும் சேராத நேரத்தில்.
கரையில் குனிந்து சொன்னேன்:
"அன்னிக்கு அது கோல்தான்."
அவன் நிமிரவில்லை.
"தெரியும்," என்றான், தமிழில்.
எண்ணெய்ப் பிசுக்கோடு பந்து என் கைக்கு வந்தது.
சட்டையில் துடைத்தேன்.
முழுசாகப் போகவில்லை.
கடிகாரத்தை ஓடவிட்டேன்.